மைனஸ் ஏழும் இருபத்தேழாம் நம்பர் ஸ்வெட்டரும்

அந்த டிசம்பரில் அவர் எந்த நாற்காலியிலும் முழுதாக உட்காரவில்லை. உட்காரக் குனிவார், பாதியில் ஏதோ நினைவு வந்து நிமிர்வார், சன்னலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பார். வானம் நீலமாக இருக்கும். அது தன் தப்பு என்பது போல முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்புவார். அதற்குள் டீ ஆறியிருக்கும். மனைவி அதை எடுத்துப் போய்ச் சூடு பண்ணிக் கொண்டுவருவாள். மறுபடியும் குனிவார்.

ஊரில் அவருக்கு டிகிரி என்று பெயர். படித்து வாங்கிய பெயர் அல்ல. அந்தத் திசைக்கே அவர் போனதில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்மேட்டில், கம்பி வேலிக்குள், நாலு மரக்கால்களில் ஒரு வெள்ளைப் பெட்டி நிற்கிறது. நாலு பக்கமும் சாய்வுப் பலகைகள். காற்று நுழையும், வெயில் நுழையாது. உள்ளே நாலு தெர்மாமீட்டர்கள். தினமும் காலை எட்டரைக்கு அந்தப் பெட்டியைத் திறந்து, முந்தின இரவு எந்த அளவுக்குக் குளிர்ந்தது என்று பார்த்து, பதிவேட்டில் எழுதி, தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லி, கடைசியில் பேருந்து நிலையத்துக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வைப்பது அவர் உத்தியோகம். முப்பத்தோரு வருஷம் ஒன்பது மாதமாக ஒரு நாள் விட்டதில்லை. காய்ச்சல் கண்ட நாட்களில் போர்வையோடு போனார். அவருடைய கல்யாணமே பத்து மணிக்கு மேல்தான் வைக்கப்பட்டது. எட்டரைக்கு மாப்பிள்ளை பெட்டியடியில் நின்றுகொண்டிருந்தார்.

முப்பத்திரண்டு வருஷம் ஒரு கட்டம்கூடக் காலியாக விடாமல் எழுதி ஓய்வு பெறுகிறவருக்குத் தலைமை அலுவலகம் ஒரு சான்றிதழ் தரும். இதுவரை யாருக்கும் தந்ததில்லை. அப்படி ஒருவர் இருந்ததில்லை. மார்ச் முப்பத்தொன்றாம் தேதி அவருக்கு ஓய்வு. சான்றிதழை மாட்டுவதற்கான ஆணியை முன்னறைச் சுவரில் போன வருஷமே அடித்துவிட்டார்.

“ஆணிய அடிச்சுட்டு சட்டத்துக்குக் காத்துட்டிருக்காரு,” என்று மனைவி வருகிறவர்களுக்கெல்லாம் அந்த ஆணியைக் காட்டுவாள். “தொட்டிலக் கட்டிட்டுப் பொண்ணு பாக்கப் போற மாதிரி.”

இந்த ஊரின் பருவங்கள் நாலு என்று பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் மூன்று என்பார்கள். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை, கீழே வெயில் தாங்காத சமவெளிக்காரர்கள் மேலே ஓடிவரும் காலம். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை, மழையும் மூடுபனியும் பாத்திரம் கவிழ்த்தது போல ஊரை மூடிவிட, உள்ளூர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சண்டை பிடிக்கும் காலம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, வாழ்க்கையில் ஒரு தடவையாவது பல் கிட்டிக்கொள்ள வேண்டும் என்ற லட்சியத்தோடு சமவெளிக்காரர்கள் திரும்ப வரும் காலம். மார்ச் மாதம் கணக்கில் இல்லை. அது விடுதிகளுக்கு வெள்ளையடிக்கும் மாதம்.

சமவெளிக்காரர்கள் வந்து இறங்கும் இடத்துக்கு நேர் எதிரே, கரும்பலகைக்குப் பத்தடி தள்ளி, டிகிரியின் மனைவி வைத்திருப்பது வாடகை ஸ்வெட்டர் கடை. காலையில் போட்டுக்கொண்டு போய் மாலையில் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறலாம். மொத்தம் அறுபது ஸ்வெட்டர்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஊக்கால் குத்திய ஒரு துணிச் சீட்டு, சீட்டில் நம்பர். நம்பர் எழுதியது டிகிரிதான். ஊரிலேயே அழகான எண்கள் அவருடையவை. அவருடைய ஏழின் வளைவுக்கு ரசிகர்கள் இருந்தார்கள். அறுபதில் இருபத்தேழாம் நம்பர் மட்டும் என்றைக்கும் வாடகைக்குப் போனதில்லை. பாசி நிறம், இடது கை வலது கையைவிட நாலு விரற்கடை நீளம். அதைப் போடுகிறவர் யாருக்கோ கை நீட்டிக்கொண்டே இருப்பது போலத் தெரியும்.

ஆக, கணவன் பலகையில் எழுதுகிற நம்பரைப் பார்த்து மனைவியின் கடை ஓடியது. அவர் மூன்று என்று எழுதினால் ஐம்பத்தொன்பதும் போகும். எட்டு என்றால் பாதி. பன்னிரண்டு என்றால், இறங்கியவர்கள் பலகையைப் பார்த்துவிட்டு, “இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்று சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு நடப்பார்கள்.

அந்த டிசம்பர் முழுக்கப் பன்னிரண்டாகவே வந்தது.

டிகிரிக்கு இதில் வியப்பில்லை. அவருடைய பழைய பதிவேடுகளில் எல்லாம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த காலத்தில் புல்தரை விடிகாலையில் உப்புக் கொட்டியது போல வெளுத்துக் கிடக்கும். கடைசியாகச் சைபர் வந்தது பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால். அந்த வாரம்தான் மனைவி கடையைத் தொடங்கினாள். அன்று வெளுத்த புல்தரையை எடுத்த போட்டோவைத்தான் இன்றுவரை விடுதிக்காரர்கள் தங்கள் விளம்பரத் தாள்களில் போட்டு, ‘ஆண்டு முழுவதும் எலும்பை வருடும் குளிர்’ என்று அச்சடிக்கிறார்கள். போட்டோவில் தெரியும் மரத்தை வெட்டி அந்த இடத்தில் விடுதி கட்டிப் பதினாலு வருஷமாகிறது.

ஆனால் தெரிந்திருப்பது வேறு, உட்கார முடிவது வேறு.

விடுதிச் சங்கத் தலைவருக்கும் உட்கார முடியவில்லை. அவர் ஊருக்கு முன்மாதிரியாக டிசம்பர் முதல் தேதியிலிருந்து கம்பளித் தொப்பியும் மப்ளரும் கையுறையும் போட்டுக்கொண்டு பேருந்து நிலையத்தில் நடமாடுவார். வந்து இறங்குகிறவர்கள் அவரைப் பார்த்துக் குளிர வேண்டும் என்பது திட்டம். தொப்பிக்குள்ளிருந்து வேர்வை வழிந்து மீசையில் சொட்டும். ஒரு வியாழக்கிழமை காலை, டிகிரி பலகையில் எழுதி முடிக்கும்வரை பின்னால் நின்று பார்த்தார்.

“பன்னெண்டு புள்ளி நாலா?” என்றார். “சார், அந்தப் புள்ளி நாலையாவது விடக் கூடாதா?”

“புள்ளி நாலு இருந்துச்சு தலைவரே.”

“பக்கத்து மலையில நேத்து மூணு போட்டிருக்கான். பேப்பர்ல வந்திருக்கு.”

“அது நம்மள விட மூவாயிரம் அடி உசரம்.”

“உசரத்த யாரு சார் கேட்டா? குளிர்தான் கேக்குறாங்க. உங்க தெர்மாமீட்டருக்கே காய்ச்சல் வந்துருக்குமோ?”

“அது நல்லாத்தான் இருக்கு. காய்ச்சல் ஊருக்கு. பத்தொன்பது வருஷமா ஏறிக்கிட்டே இருக்கு. பதிவேடு இருக்கு, எடுத்துக் காட்டவா?”

பதிவேடு என்ற சொல் காதில் விழுந்ததும் தலைவருக்கு அவசர வேலை நினைவுக்கு வருவது வழக்கம். அன்று வரவில்லை. ஸ்வெட்டர் கடைப் பக்கம் திரும்பினார்.

“இந்தா பாரும்மா, மனசுல ஒண்ணும் வச்சுக்காதே. ஜனவரியில இருந்து இந்த எடத்த ஜூஸ் கடைக்குக் குடுக்கலாம்னு சங்கத்துல பேச்சு. வர்றவங்க ஐஸ் போட்டுக் குடுன்னு கேக்குறாங்க. கம்பளி யாரும் கேக்கல. இந்த மாசத்துக்குள்ள ஒரே ஒரு சைபர் வந்துச்சுன்னா அந்தப் பேச்ச நான் அமுக்கிடுவேன்.”

“அத ஏன் எங்கிட்டச் சொல்றீங்க? எழுதுறவரு அங்க நிக்கிறாரு.”

“அவருகிட்டச் சொன்னா பதிவேட்டத் தூக்கிட்டு வந்துருவாரு.”

அவள் கடைக்குள் திரும்பினாள். மடித்து வைத்திருந்த ஸ்வெட்டர்களை எடுத்து உதறி மறுபடியும் மடித்தாள். அறுபதையும் மடித்தாள். முடிந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில், டிகிரி ஆணியிலிருந்து கதவுவரையும் கதவிலிருந்து ஆணிவரையும் நடந்துகொண்டிருந்தார். ஒன்பது அடி போக, ஒன்பது அடி வர.

“உக்காந்து யோசிங்களேன்,” என்றாள் மனைவி.

“உக்காந்தா யோசனை வரல.”

“நடந்தா மட்டும் வந்துருச்சா?” சோற்றுப் பானையை இறக்கி வைத்தாள். “ஏங்க, உங்கள பொய் எழுதச் சொல்லி நான் எப்பவாவது கேட்டிருக்கேனா?”

“கேட்டதில்ல.”

“இனிமே கேப்பேனா?”

“மாட்டே.”

“பெட்டிக்குள்ள என்ன தெரியுதோ அத எழுதுவீங்க. அவ்வளவுதானே?”

“கண்ணுல பட்டத எழுதறதுதான் என் வேலை. இப்படி இருந்திருக்கும், அப்படி இருந்திருக்கும்னு எழுதறது ஜோசியக்காரன் வேலை.”

“கண்ணுல பட்டது எதுவா இருந்தாலும்?”

“எதுவா இருந்தாலும்.”

“சரி, கை கழுவிட்டு வாங்க. ஆறுது.”

அன்று அவள் அவருக்குக் குழம்பை இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றினாள். அறிவியல் மனப்பான்மை உள்ளவர் அதைக் குறித்து வைத்திருக்க வேண்டும். அவர் ஊற்றியதைச் சாப்பிட்டார். இந்தப் பேச்சில் எந்த இடத்தில் தமக்குப் பள்ளம் வெட்டப்பட்டது என்று மறுநாள் காலை எட்டு முப்பத்தொன்றுக்குத்தான் கண்டார்.

தெர்மாமீட்டர் பார்க்கும்போது மூச்சு விடக் கூடாது. மூச்சின் சூடு பட்டால் எண் ஏறிவிடும். வேலியைத் திறக்கும்போதே டிகிரி நெஞ்சு நிறைய இழுத்துக்கொள்வார். பார்த்து, பெட்டியைச் சாத்திவிட்டுத்தான் வெளியே விடுவார். முப்பத்தோரு வருஷப் பழக்கத்தில் அவருக்கு முத்துக் குளிக்கிறவர்களின் நுரையீரல் அமைந்துவிட்டது. குறைந்தபட்சம் காட்டும் தெர்மாமீட்டருக்குள் ஒரு குட்டி ஊசி உண்டு. சூடு இறங்க இறங்க அதுவும் இறங்கும். சூடு ஏறினால் அது ஏறாது. இறங்கின இடத்திலேயே சாட்சி சொல்லப் படுத்துக் கிடக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை, வேலியோரப் பூச்செடிகளில் பட்டாம்பூச்சிகள் உட்கார்ந்திருந்தன. டிகிரி வரும் வழியிலேயே சட்டையின் மேல் பொத்தானை அவிழ்த்துவிட்டிருந்தார். மூச்சை இழுத்து, பெட்டியைத் திறந்து, ஊசியைப் பார்த்தார்.

மைனஸ் ஏழு.

அந்த நேரத்தில் அவர் மனத்தில் என்ன ஓடியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மகிழ்ச்சி ஓடியது. உள்ளங்காலிலிருந்து மயிர்க்கூச்செறிந்தது. இந்த மலை தோன்றிய நாளிலிருந்து யாரும் எழுதாத எண். எழுதப்போவது அவருடைய ஏழு. அதன் பிறகுதான் புத்தி வேலைசெய்தது. பக்கத்துத் தெர்மாமீட்டர் அந்த நிமிடத்துக் கணக்கில் பதினைந்து என்றது. காதோரம் ஒரு பட்டாம்பூச்சி போயிற்று. பெட்டியைச் சாத்தினார், திறந்தார். மைனஸ் ஏழு. திறந்து சாத்தித் திறந்தால் எண் மாறும் என்று எந்த விஞ்ஞானியும் சொன்னதில்லை. மூன்று தடவை செய்தார். மூன்றாவது தடவை, பெட்டி திறந்திருக்கும்போதே மூச்சு தீர்ந்துபோய், உத்தியோக வாழ்க்கையில் முதல் முறையாகப் பெட்டிக்குள் சுவாசித்தார்.

மீன் வாடை.

கடல் அங்கிருந்து ஒரு பகல் பயணம். டிகிரி குனிந்தார். பெட்டியின் அடிப்பலகை ஈரமாக இருந்தது. ஈரத்தின் ஓரத்தில் வெள்ளையாகக் கோடு கட்டியிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு. கதவுக் கீலில் ஏதோ ஊக்கோடு தொங்கியது. துணிச் சீட்டு. அதில் அழகான கையெழுத்தில் இருபத்தேழு. அந்த ஏழின் வளைவை அவர் எங்கும் அடையாளம் காண்பார்.

அவருக்கு மீன் கடை வைத்திருக்கும் ஒரு மச்சினன் உண்டு. கம்பளியைச் சுற்றினால் ஐஸ் கரையாது என்பது ஸ்வெட்டர் கடைக்காரிக்கும் மீன் கடைக்காரனுக்கும்தான் தெரியும். பெட்டியின் மாற்றுச் சாவி வீட்டு அலமாரியில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருப்பது இன்னும் குறைவான பேருக்குத் தெரியும். வழக்கு விசாரணை அத்துடன் முடிந்தது.

பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி ஓடினார். கடையில் மனைவி ஸ்வெட்டர் மடித்துக்கொண்டிருந்தாள். மச்சினன் கண் சிவந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் கொடியில் பாசி நிறத்தில் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது.

“இது யார் எழுத்து?” என்று சீட்டை நீட்டினார்.

“உங்க எழுத்து,” என்றாள்.

“எங்க இருந்துச்சு தெரியுமா? கீல்ல.”

அவள் தம்பியைப் பார்த்தாள். “டேய்.”

“ஸ்வெட்டர உருவும்போது மாட்டியிருக்கும்க்கா.”

“சரி, எவ்வளவு காட்டுச்சு?” என்று கணவரிடம் திரும்பினாள். குரலில் ஆவல் இருந்ததை அவளால் மறைக்க முடியவில்லை.

“மைனஸ் ஏழு.”

மடித்த ஸ்வெட்டர் கையிலிருந்து விழுந்தது. “ஏழா! நான் சைபர்தானேடா சொன்னேன்?”

“வெறும் ஐஸ் நிக்காதுக்கா. கடையில எப்பவும் உப்பக் கலந்துதான் வைப்போம். கை தானா போட்டுருச்சு.”

“அது என்ன மீனா? தெர்மாமீட்டர்டா!”

“இருட்டுல ரெண்டும் நீளமாத்தான்க்கா இருந்துச்சு.”

“மைனஸ் ஏழுன்னா என்னன்னு தெரியுமா?” டிகிரி நின்ற இடத்திலேயே இரண்டு சுற்றுச் சுற்றினார். “குழாயெல்லாம் வெடிச்சிருக்கணும். ஒரு வண்டி கெளம்பக் கூடாது. அங்க பாருங்க, தலைவர் மப்ளரால கழுத்துல வேர்வையத் துடைக்கிறாரு!”

“மாமா, பேசாம சைபர்னு போட்டுருங்க. ஏழ நாம கழிச்சுக்கலாம்.”

“நீ வாய மூடு,” என்றார்கள் கணவனும் மனைவியும் ஒரே குரலில். அந்தக் காலையில் அவர்கள் ஒத்துப்போன ஒரே இடம் அது.

பிறகு அவள் தணிந்த குரலில் சொன்னாள். “நான் உங்கள பொய் எழுதச் சொல்லல. கண்ணுல பட்டத எழுதறேன்னு நீங்கதான் சொன்னீங்க.”

“சீட்டும் கண்ணுலதான் பட்டுச்சு.”

“அதையும் எழுதுவீங்களா?”

அவர் சீட்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

“பத்தொன்பது வருஷமா பத்தடி தள்ளி நின்னு நீங்க எழுதறதப் பாத்துட்டிருக்கேன். நம்பர் ஏற ஏற இங்க மடிச்சது மடிச்சபடி கெடக்கும். ஒரு நாளாவது ஏன்னு கேட்டிருக்கேனா? உங்களுக்கு மார்ச்சுல சட்டம் போட்டுக் காகிதம் வரும். எனக்கு ஜனவரியில ஜூஸ் கடை வரும்.” கீழே விழுந்ததை எடுத்து உதறினாள். “போங்க. போன் அடிக்கும்.”

மணி எட்டு நாற்பத்திரண்டு. எட்டு நாற்பத்தைந்துக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும். அது மட்டும் இந்த நாட்டில் ஒரு நாளும் தாமதமானதில்லை.

அலுவலகம் என்பது ஒரு மேசை, ஒரு தொலைபேசி, முப்பத்தோரு பதிவேடுகள் அடுக்கிய ஓர் இரும்பு அலமாரி. மேசையில் முப்பத்திரண்டாவது பதிவேட்டை விரித்து, பேனாவைத் திறந்து, நின்றபடியே அந்தக் கட்டத்தைப் பார்த்தார். பென்சில் கிடையாது, அழிப்பது கிடையாது. பேனா பட்டால் பட்டதுதான்.

மைனஸ் ஏழு என்று எழுதினால் கண்ணில் பட்டதை எழுதினதாகும். ஆனால் முப்பத்தோரு வருஷத்தில் எழுதின முதல் பொய்யும் அதுவாகத்தான் இருக்கும். சீட்டையும் சேர்த்து எழுதினால் முழு உண்மை. அது தலைமை அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து விசாரணை இறங்கி வந்து, பெண்டாட்டியையும் மச்சினனையும் அரசாங்கப் பெட்டிக்குள் மீன் ஐஸ் வைத்த குற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும். வழக்கம் போலப் பன்னிரண்டு என்று போட்டுவிடலாம். அதுவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் இருந்திருக்கும் என்பது ஜோசியக்காரன் வேலை. அந்த இரவு உண்மையில் எவ்வளவு குளிர்ந்தது என்பது இப்போது உலகத்தில் யாருக்கும் தெரியாது.

மேசையைச் சுற்றி வந்தார். பேனாவை மூடினார், திறந்தார். சன்னலுக்குப் போனார். போன் அடித்தது.

“குட்மார்னிங் சார். சொல்லுங்க, குறைந்தபட்சம்?”

“இல்ல.”

“இல்லன்னா?”

“இன்னைக்குக் குறைந்தபட்சம் இல்ல.”

அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. “வெப்பநிலை இல்லாம ஓர் ஊரா? சார், நல்லா இருக்கீங்களா? நீங்க விட்டதே இல்லையே! மார்ச்சுல உங்களுக்கு அந்தச் சான்றிதழ்... நான்தான் சார் டைப் அடிச்சு வச்சிருக்கேன். தேதி மட்டும்தான் போடணும்.”

“கட்டம் காலின்னு போட்டுக்குங்க.”

“காரணம் வேணுமே. குறிப்புக் கட்டத்துல என்ன எழுதட்டும்?”

“பெட்டிக்குள்ள ஐஸ்.”

“ஐஸா? யாரு வச்சது?”

குறிப்பு எழுதும் கட்டம் ஒரு விரல் அகலம். முப்பத்தோரு வருஷமாக அதில் ‘ஒன்றுமில்லை’ என்பதைத் தவிர எதுவும் எழுதப்பட்டதில்லை. டிகிரி அதில் ‘பெட்டிக்குள் ஐஸ்’ என்று தம் அழகான கையெழுத்தில் எழுதினார். வரி ஓரத்தைத் தொட்டது.

“அதுக்கு மேல எடம் இல்ல சார்,” என்று சொல்லி வைத்துவிட்டார். அச்சாபீஸ்காரன் கட்டத்தை இன்னும் ஓர் அங்குலம் அகலமாக அடித்திருந்தால் ஒரு குடும்பம் உடைந்திருக்கும்.

சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கரும்பலகைக்குப் போனார். ஈரத் துணியால் நேற்றைய பன்னிரண்டு புள்ளி நாலைத் துடைத்தார். சாக்பீஸை எடுத்தார். எழுத ஒன்றும் இல்லை. சாக்பீஸை மறு கைக்கு மாற்றினார். அந்தக் கையிலும் ஒன்றும் இல்லை. பலகையைக் கறுப்பாகவே விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றார்; போக இடமும் தெரியவில்லை.

ஒன்பது மணிப் பேருந்து வந்து நின்றது. இறங்கினவர்கள் வழக்கம் போலப் பலகையைப் பார்த்தார்கள்.

“என்னங்க, ஒண்ணுமே போடல?”

“தினமும் போடுவாங்கன்னுதானே சொன்னே?”

“எழுதுறவருக்குக் கை வெறைச்சுப் போச்சோ என்னவோ.”

மப்ளர் கட்டிய பெரியவர் ஒருவர் டிகிரியிடமே வந்தார். “சார், நீங்கதானே அந்த ஆபீசர்? நேத்து ராத்திரி எவ்வளவு குளிர் இருந்துச்சு?”

“தெரியாது,” என்றார் டிகிரி. அவருக்குப் பொய் வராது.

“நாளைக்கு?”

“அதுவும் தெரியாது.”

பெரியவர் தம் கூட்டத்துக்குத் திரும்பிப் போனார். “ஆபீசருக்கே தெரியலயாம்!” என்று சொல்வது கேட்டது. “மொகத்தப் பாத்தா நல்லா இல்ல. ஏதோ மறைக்கிறாரு.”

பன்னிரண்டு புள்ளி நாலு என்று போட்டிருந்தால் ஆளுக்கு ஒரு தடவை பார்த்துவிட்டு நிம்மதியாக நடந்திருப்பார்கள். ஒன்றும் போடாத பலகை ஆட்களைக் கலக்கிவிட்டது. எல்லாரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள். நீலமாக இருந்தது; அதனாலேயே சந்தேகம் வந்தது. பிள்ளைகளைக் கிட்டே இழுத்துக்கொண்டார்கள். ஒரு அம்மா, “எதுக்கும் ரெண்டு எடுத்துக்குவோம்,” என்று ஸ்வெட்டர் கடைப் பக்கம் நடந்தாள். அவள் இரண்டு எடுப்பதைப் பார்த்தவர்கள் மூன்று எடுத்தார்கள். ஒன்பதே முக்காலுக்கு ஐம்பத்தொன்பது ஸ்வெட்டர்களும் பட்டப்பகல் வெயிலில் வேர்த்துக்கொண்டு ஏரிப் பக்கம் போயின. கடைசியாக வந்த கனத்த மனிதர் ஒருவர் கொடியில் தொங்கியதைக் கேட்டார்.

“அது ஈரம் சார்,” என்றாள் மனைவி. பொய்க்கு அவளும் பெரிதாகப் பழகியவள் அல்ல.

“பரவால்ல, ஒடம்புச் சூட்டுல காஞ்சுரும். என்னமோ வாடை அடிக்குதே?”

“மலைக் காத்து சார்,” என்றான் மச்சினன்.

அவர் நீண்ட இடது கையை ஊருக்கு நீட்டியபடி நடந்து போனார். பின்னால் இரண்டு பூனைகள் போயின.

பத்து மணிக்குச் சங்கத் தலைவர் மப்ளர் பறக்க ஓடிவந்தார்.

“சார், என்ன சார் எழுதுனீங்க? என் விடுதியில மெத்தைக்கு மேல ரெண்டு கம்பளி கேக்குறாங்க!”

“ஒண்ணும் எழுதல.”

தலைவர் பலகையைப் பார்த்தார். பக்கத்தில் போய்ப் பார்த்தார். கண் கலங்கியது. “அட! முப்பது வருஷமா இத எழுதாம வேற என்னத்த சார் எழுதிட்டிருந்தீங்க?” கடைப் பக்கம் திரும்பி, ஜூஸ் கடைப் பேச்சு ஏப்ரல்வரை எழாது என்று அங்கேயே அறிவித்தார். ஏப்ரலில் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. டிகிரி மட்டும் வாய் திறந்தார். பதிவேடு என்ற சொல் வரப்போகிறது என்று தெரிந்து தலைவர் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் டிகிரி புதுப் பூட்டு ஒன்று வாங்கி வந்தார். பூட்டோடு இரண்டு சாவிகள். ஒன்றைச் சட்டைப் பையில் போட்டார். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஆணியிலிருந்து கதவுவரையும் கதவிலிருந்து ஆணிவரையும் நடந்தார்.

“காகிதம் வராதா?” என்று மனைவி கேட்டாள்.

“ஒரு கட்டம் காலி. வராது.”

“டைப் அடிச்சு வச்சிருக்காங்கன்னு சொன்னீங்களே.”

“கிழிச்சிருப்பாங்க.”

அறுபது ஸ்வெட்டர்கள் துவைத்துக் காய வேண்டும். அவற்றைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூட எடுக்கவில்லை. “நான் எழுதிக் குடுக்கட்டுமா? நான்தான் வச்சேன்னு?”

“ஒனக்கு ஏழு சரியா எழுத வராது,” என்றார்.

பிறகு கையிலிருந்த சாவியை அந்த ஆணியில் மாட்டினார். பார்க்கச் சின்னதாக இருந்தது. கொஞ்சம் நேராக்கினார்.

“அங்கயா மாட்டுறீங்க? எல்லாருக்கும் தெரியுமே,” என்றாள். “நான் மறுபடியும் எடுத்துட்டா?”

“எடுத்தா, உப்புப் போட வேண்டாம்னு சொல்லு அவங்கிட்ட.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவர் நாற்காலியில் உட்காரக் குனிந்தார். பாதியில் நிமிர்ந்து சன்னலுக்குப் போனார்.

மறுநாள் காலை எட்டரைக்கு வேலியைத் திறந்து, பெட்டியைத் திறந்து, முதலில் மூக்கை உள்ளே விட்டு நன்றாக மோந்து பார்த்தார். மரமும் சுண்ணாம்பும்தான். மூக்கை வெளியே எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஊசியைப் பார்த்தார். பன்னிரண்டு புள்ளி ஒன்று. எழுதினார். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை அவருடைய வேலைமுறையில் வந்த ஒரே மாற்றம் அந்த மூக்கு.

பலகைக்கு வந்தபோது சங்கத் தலைவர் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார். “சார், விட்டுருங்க சார். இன்னைக்கும் காலியா விட்டுருங்க.”

டிகிரி சாக்பீஸை எடுத்தார். பத்தடி தள்ளி மனைவி இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். ஒரு வினாடி அவளைப் பார்த்தார். அவள் தலைவரைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், கடைசியில் கணவரைப் பார்த்தாள்.

“நின்னுட்டே இருக்கீங்களே!” என்று சத்தம் போட்டாள். “பஸ் வந்துரும். எழுதுறதுன்னா பெருசா எழுதுங்க. நேத்து கம்பளி போட்டு வேர்த்தவங்கல்லாம் பாத்துட்டு என்னைத் திட்டட்டும்.”

அவர் பெரிதாக எழுதினார்.